கரி வண்டியும் கோடித் துண்டும்

நடக்கிறோம். வேன் பின்னால் நிற்கிறது. ரோட்டின் நடுவில், மூக்கைத் திறந்தபடி.

கோமு என் தோளில். நாலு வயது. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிறது பிள்ளை. அவள் அம்மா எனக்கு முன்னால் செருப்பில்லாமல் நடக்கிறாள். அண்ணி முறை, நான் மைனி என்று கூப்பிடுவேன். இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டம். நாற்று வாடிப் படுத்துவிட்டது. தண்ணீர் விட ஆளில்லை.

சத்தம் இரண்டு வகை. போகிற குண்டு ஒரு முட்டு முட்டிவிட்டுப் போகும். யாரோ கதவைத் தோளால் இடித்ததுபோல. வருகிற குண்டுக்கு முன்னால் துணி கிழிகிற சத்தம். நீளமாகக் கிழியும். கிழிந்து முடிந்ததும் தரை அதிரும். கிழிகிற சத்தம் கேட்டால் படுத்துவிட வேண்டும். இது கோமுவுக்கும் தெரியும்.

பின்னாலிருந்து கோமுவின் அப்பா, அண்ணாச்சி, கத்துகிறார்.

"நிக்காதலே முத்து! நடந்துக்கிட்டே இரு! நான் துணியப் பிடுங்கிட்டு வண்டியோட வாரேன்!"

திரும்பிப் பார்த்தேன். வேனின் மூக்கருகே குனிந்து நின்றார். வடிகட்டி டப்பாவுக்குள் கை முழங்கைவரை போயிருந்தது. வெளியே எடுத்தபோது கையில் வெள்ளையாக, கொழகொழவென்று வழிந்தது. உதறினார். உதறினால் போகிற சாமான் இல்லை அது.

1980. புரட்டாசிக் கடைசி. பஸ்ராவிலிருந்து குவைத் எல்லைக்குப் போகிற ரோடு. ஈராக்குக்கும் ஈரானுக்கும் சண்டை தொடங்கி ஒரு மாதம் ஆகவில்லை.

என் பேர் முத்தையா. ஊர் சங்கரன்கோவில். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரி கிளீனர், பம்பாயில் சரக்குத் தூக்கினது, அப்புறம் பஸ்ரா துறைமுகத்தில் கூலி. ஒரு இடத்தில் கால் தரிக்காது. அண்ணாச்சி அப்படி இல்லை. ஆறுமுகம் அண்ணாச்சி வெல்டர். வேலை தெரிந்தவர். துறைமுகக் காண்ட்ராக்டில் ஃபோர்மேன் ஆகி, மைனியையும் கோமுவையும் அங்கே கூட்டி வந்திருந்தார். குடும்பத்தோடு போய்வர ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்.

சண்டை வந்தது. காண்ட்ராக்டர் முதல் நாளே போய்விட்டார். நாங்கள் தங்கின முகாமைச் சுற்றிக் கம்பிவேலி. ஒரு பக்கம் ஆறு. ஆற்றுக்கு அந்தப்பக்கம் சண்டை. இந்தப்பக்கம் ரோடு. ரோடு பூராவும் பட்டாளம். லாரியில் இடம் கிடைத்தவர்கள் போனார்கள். கால் உள்ளவர்கள் நடந்தார்கள். கோமுவை வைத்துக்கொண்டு அண்ணாச்சியால் இரண்டும் முடியவில்லை.

வேன் வாசலில் நின்றது. பெட்ரோல் இல்லை.

இதை எழுத வேண்டும். ஊருக்குமேல் எண்ணெய் எரிகிறது. பகலெல்லாம் கருப்பு வானம். வெயில் செம்பு நிறத்தில் அடிக்கிறது. காயப்போட்ட துணியில் எண்ணெய்ப் பிசுக்கு. கீழே ஒரு தகரப்போணி பெட்ரோல் கிடையாது. பங்கில் துப்பாக்கியோடு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். உள்ளதெல்லாம் பட்டாளத்துக்கு. அண்ணாச்சி கோமுவைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சினார். அவன் பிள்ளைக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தான். பெட்ரோல் கொடுக்கவில்லை.

திரும்பி வந்து வேனின் படியில் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்.

"ஏலே, நம்மூர்ல எங்க அண்ணன் காருக்கு அடுப்பு வச்சோமே. நெனப்பிருக்கா?"

இருந்தது.

சங்கரன்கோவில். 1974. பெட்ரோல் விலை ஏறி ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்த வருஷம். அண்ணாச்சியின் அண்ணனை நாங்கள் பெரியண்ணாச்சி என்போம். விசைத்தறி ஷெட் வைத்திருந்தார். துண்டு நெய்வார். பழைய கார் ஒன்று இருந்தது. குருவிகுளத்தில் நிலம், புளியங்குடியில் சம்பந்தி வீடு. வீட்டில் அத்தனை பேரும் அந்தக் காரில்தான் போக வேண்டும். பெட்ரோல் போட்டு மாளவில்லை. காரை விற்கவும் மனசு வரவில்லை.

முந்தின உலகச் சண்டைக் காலத்தில் பஸ்கள் கரியில் ஓடின. ஊரில் வயசானவர்கள் எல்லோரும் அதில் ஏறிப் போனவர்கள்தான். பஸ்ஸின் முதுகில் பீப்பாய். அதில் கரி. கரி முழுசாக எரியாமல் புழுங்க வேண்டும். புழுங்கினால் ஒரு வாயு வரும். அதைக் குழாயில் இழுத்து, ஆற வைத்து, தூசி வடித்து இஞ்சினுக்குக் கொடுத்தால் ஓடும். வேகம் பாதிதான். ஆனால் ஓடும்.

அண்ணாச்சி அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை போட்டிருந்தார். பீப்பாய் அவர் வைத்தது. கரி உடைமரத்துக் கரி. காட்டுப்பக்கம் எங்கும் கிடைக்கும். வடிகட்டிக்குத் தேங்காய் நார், அதற்குமேல் துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டி. எனக்குத் துருத்தி சுற்றுகிற வேலை. தணல் பிடிக்கிறவரை சுற்ற வேண்டும். குழாய் வாயில் தீக்குச்சி காட்டினால் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் இன்னும் சுற்று.

முதல் தடவை தேரடியில் வண்டியை நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, காருக்குப் பின்னால அடுப்பு? போற வழியில சோறு வடிச்சிருவியளோ?"

"வடிப்போம் வே. ஒமக்கு எலை போட்டாச்சு, உக்காரும்."

"ஏலே முத்தையா, காருக்கு ஆஸ்துமாவா? இப்பிடி இழுக்கு!"

காலையில் கிளம்ப வேண்டுமென்றால் விடியுமுன் மூட்ட வேண்டும். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும். ஓட்டும்போது எல்லாக் கண்ணாடியும் திறந்திருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு வாசம் கிடையாது. மூடின இடத்தில் ஆளைத் தூங்க வைத்துக் கொன்றுவிடும். பெரியண்ணாச்சி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். புளியங்குடிக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள். இறங்கியபோது பட்டுச் சேலையெல்லாம் கரி. அன்றைக்குச் சாயங்காலமே அடுப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதை வைத்துத்தான் பஸ்ராவில் தொடங்கினோம்.

பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. முகாம் ஸ்டோரில் காலி எண்ணெய் டிரம் அடுக்கிக் கிடந்தது. கரண்டு இல்லை, கேஸ் வெல்டிங் இருந்தது. அண்ணாச்சி இரண்டு நாள் கண்ணாடியைக் கழற்றவில்லை. குண்டு விழும்போது பற்றவைப்பை நிறுத்திவிட்டு டிரம்முக்குள் தலையை விட்டுக்கொள்வார். டிரம் என்ன தடுக்கும். மைனி திட்டுவாள்.

"தலய மட்டும் உள்ள விட்டா மத்ததெல்லாம் யாரு வீட்டுது?"

"தல இருந்தாத்தான்ட்டி ஒனக்குப் புருஷன்னு அடையாளம் தெரியும்."

கோமு சிரித்தது. கடைசியாகச் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கரி ஆற்றோரத்துக் கடையில் கிடைத்தது. இறைச்சி சுடுகிற கரி. மூட்டை ஈரமாக இருந்தது. தேங்காய் நாருக்கு எங்கே போக. ஈச்ச நார் போட்டுப் பார்த்தோம். சாம்பல் நாரைத் தாண்டிப் போய்விட்டது. இஞ்சின் இருமி நின்றது. நாருக்குமேல் துணி வேண்டும். நிறைய வேண்டும். உடுத்தின துணியை வைத்துப் பார்த்தோம். போதவில்லை.

மைனி உள்ளே போய் ஒரு பொட்டலத்தைத் தூக்கி வந்தாள். சங்கரன்கோவில் துண்டு. பெரியண்ணாச்சி ஷெட்டில் நெய்தது. ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்புவார். முகாமில் நம்மூர்க்காரர்களுக்கு மைனி விற்றுக்கொடுப்பாள். மடிப்புக் கலையாத கோடித் துண்டு. விறைப்பாக, தகடு மாதிரி.

ஒரே தூசியாக இருந்தது. நனைத்துப் பிழிந்து போடலாமா என்று கேட்டேன். மைனி விடவில்லை.

"கெளம்புத நேரத்துல கோடிய நனைப்பாங்களா? எழவு வீட்டு வேலயில்லா அது. பிள்ளய வச்சுக்கிட்டு அந்தப் பேச்சே வேண்டாம்."

எங்கள் பக்கம் அப்படித்தான். உடுத்தாத துணியைத் தண்ணீரில் முக்குவது துக்க வீட்டில்தான். அண்ணாச்சி யோசித்தார். "சரி, அப்பிடியே சுருட்டி வையி" என்றார். உதறி உதறிச் சுருட்டி வைத்தேன்.

நாங்கள் மூன்று பேரும் பாவு பார்த்து வளர்ந்தவர்கள். தெரு நீளத்துக்கு நூலை விரித்துக் கஞ்சி தடவுவார்கள். காலையில் அந்தப் புளித்த வாசத்தில்தான் எழுந்திருப்போம். கஞ்சி இல்லாமல் நூல் தறியில் நிற்காது. பெரியண்ணாச்சி நெய்து முடித்த துண்டுக்கும் ஒரு கை கூடுதலாகப் போடுவார். கடையில் தொட்டால் கனமாகத் தெரியும். நாலு தடவை துவைத்தால் மெலிந்துவிடும். எல்லா ஷெட்டிலும் செய்வதுதான். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முகாமுக்குள் ஓட்டிப் பார்த்தோம். குழாய் வாயில் நீலத் தீ. இஞ்சின் பிடித்தது. முகாமைச் சுற்றி வந்தோம். அண்ணாச்சி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார்.

காலையில் கிளம்பினோம். பேரீச்சந்தோப்பு முடிகிறவரை நன்றாக ஓடியது. பட்டாளத்துக்காரர்கள் வேனின் முதுகில் புகைகிற டிரம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தன் கை காட்டினான். வெட்டவெளிக்கு வந்தபின் வண்டி தளர்ந்தது. மிதிக்க மிதிக்க இறங்கியது. கோமு தண்ணீர் கேட்டது. மைனி மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். வண்டி நின்றுவிட்டது.

கரி இருந்தது. தணல் இருந்தது. டிரம் பக்கத்துக் குழாயில் தீக்குச்சி காட்டினேன். நீலம். வடிகட்டிக்கு இந்தப்பக்கம், இஞ்சின் பக்கம் காட்டினேன். ஒன்றுமில்லை.

அண்ணாச்சி வடிகட்டி டப்பாவைத் திறந்தார். ஈரக் கரியின் ஆவி துணிக்குள் இறங்கியிருந்தது. சூடும் ஈரமும். கஞ்சி வெந்துவிட்டது. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பசையாக இருந்தன. ஊசி போகிற இடமில்லை. சாம்பலும் பசையும் சேர்ந்து, சுவரொட்டி ஒட்டுகிற வாளி மாதிரி.

யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நேரமும் இல்லை. தூரத்தில் கிழிகிற சத்தம் தொடங்கியிருந்தது.

அண்ணாச்சி எங்களை நடக்கச் சொன்னார். பசையைச் சுரண்டிவிட்டு, தன் சட்டையையும் வேட்டியையும் கிழித்துப் போட்டு ஓட்டி வருவதாகச் சொன்னார். எல்லைவரை தாங்கினால் போதும். அது நடக்கக்கூடிய காரியம்தான். நான் இருந்து உதவுகிறேன் என்றேன். "பிள்ளயத் தூக்குலே" என்றார்.

நடந்தோம். டிரம்மிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. காற்று இல்லை. அந்தத் தரையில் அதுதான் உயரமான அடையாளம். அதைப் பார்த்து அடித்தார்களா, சும்மா விழுந்ததா, எனக்குத் தெரியாது.

கிழிகிற சத்தம். நீளம்.

"படு! படு!"

படுத்தோம். மைனி கோமுமேல். நான் மைனியின் தலைமேல் கையை வைத்தேன். தரை அதிர்ந்தது. வாயெல்லாம் மண். இன்னொன்று. இன்னொன்று. அப்புறம் காதில் இரைச்சல் மட்டும்.

எழுந்து ஓடினேன். வேனின் முன்பாதி இல்லை. அண்ணாச்சி முன்பாதியில்தான் நின்றுகொண்டிருந்தார். பின்பாதியில் டிரம் அப்படியே இருந்தது. கரி எரிந்துகொண்டிருந்தது. அவர் வைத்த வெல்டிங் பற்று ஒன்றுகூட விடவில்லை.

பள்ளத்திலிருந்து ஒரு சிப்பாய் கத்தினான். "ரூஹ்! ரூஹ்!" போ, போ. திரும்பி மைனியிடம் வந்தேன். அவள் வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோமுவைத் தோளில் போட்டேன். சாயங்காலம் எல்லையில் தண்ணீர் கொடுத்தார்கள்.

குவைத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தோம். அப்புறம் பம்பாய். அப்புறம் ரயில். விருதுநகரில் மாறி சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கும்போது மழை. ஐப்பசி.

பெரியண்ணாச்சி வீட்டு வாசலில் ஆள் கூட்டம். தந்தி முன்னாலேயே வந்துவிட்டது. அழுகை எல்லாம் முடிந்தது. பக்கத்தில் ஷெட்டில் தறியை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெருவில் தறி நின்றால் காது அடைத்ததுபோல இருக்கும்.

பெரியண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். தோளில் துண்டு. அதே விறைப்பு.

"முத்தையா. அந்த அடுப்புல ஓடுனவன்லே நானு. எனக்குத் தெரியும். சும்மா நிக்காது அது. ஏன் நின்னுச்சு?"

நான் வாயைத் திறந்தேன்.

"வடிகட்டிக்கு என்ன போட்டிய?" என்றார்.

மைனி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முந்திக்கொண்டாள்.

"நாரும் பழந்துணியுந்தான் அத்தான். ஈரக் கரி. தணல் அவிஞ்சு போச்சு. அதான் நின்னுச்சு."

"துண்டு அனுப்புனேனே. அதெல்லாம்?"

"அங்கனயே கெடக்கு."

அதுமட்டும் உண்மை.

பெரியண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "கரிதானா" என்றார். "கரிதான் அண்ணாச்சி" என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லையா, கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. இனிமேல் ஷெட்டிலேயே இரு, பாவுக் கணக்குப் பார், சோறு இங்கேயே என்றார்.

மைனி என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"நீ இங்கன இருக்காத."

"ஏன் மைனி?"

"ஒரு நா இல்லாட்டி ஒரு நா நீ சொல்லிருவ. அவரு துண்டாலதான்னு தெரிஞ்சா அத்தான் தாங்க மாட்டாரு. நனைக்கக்கூடாதுன்னு சொன்னவ நானு. என்னையும் இங்கன இருக்க விட மாட்டாங்க. எனக்குப் போக்கெடம் இல்ல. இந்த வீட்லதான் நான் இருந்தாகணும். கோமு இங்கனதான் வளரணும். நீ நடந்து பழகுனவன். போயிரு."

பஸ்ராவில் கம்பிவேலி இருந்தது. பார்த்தாலே தெரியும், எங்கே முடிகிறதென்று. அந்த வீட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. திறந்த வாசல். அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். கோமு அவள் மடியில். கதவுக்கு வெளியே எந்தச் சத்தம் கேட்டாலும் பிள்ளை குப்புறப் படுத்தது. மறுநாள் தறி ஓடத் தொடங்கும். தறி என்றால் நாளெல்லாம் இடி.

பெரியண்ணாச்சி இப்போது இல்லை. மைனியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ. இனி யாரு சாகப் போறா" என்றாள்.

அந்தச் சண்டையில் போனது இது. ஆறுமுகம் அண்ணாச்சி. வயது முப்பத்தெட்டு. எரிக்கவும் ஒன்றும் கிடைக்கவில்லை, புதைக்கவும் இல்லை. ஒரு வேன். மைனியின் வலது காது, இனி அது கேட்காது. கோமுவின் பேச்சு, அது தைமாதம்தான் திரும்ப வந்தது, திக்கித் திக்கி. ஒரு பொட்டலம் துண்டு. முகாமில் எங்கள் வரிசையில் படுத்தவர்களில் எட்டயபுரத்து ராசு, கேரளத்து வர்கீஸ். இரண்டு பேரும் நடந்து போனவர்கள், எல்லைக்கு வந்து சேரவில்லை. மற்றவர்கள் கணக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தவரைதான் எழுத முடியும்.

மைனி போகச் சொன்ன அன்றைக்கு ஸ்டேஷனில் படுத்தேன். விடிந்ததும் ராஜபாளையம் ரோட்டில் நடந்தேன். பெட்ரோல் பங்கில் கூட்டம். கேனும் தகரமும் வாளியுமாக ஒரு பர்லாங்குக்கு வரிசை. அந்தச் சண்டையால் நம்மூரிலும் டீசல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. அன்றைக்கு ஒரு லாரி சரக்கு வந்திருந்தது. கரண்டு இல்லை. பம்பைக் கையால் சுற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க வேல பாத்த?"

"பஸ்ராவுல."

"நல்லா வந்த போ. எண்ணெ ஊர விட்டுட்டு எண்ணெ இல்லாத ஊருக்கு வந்துருக்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கூட்டம் ஏசும். அடிக்க வரும். ஓடிற மாட்டியே?"

"ஓட மாட்டேன்."

கைப்பிடியைக் காட்டினார். வரிசையில் முதல் ஆள் கேனைக் கீழே வைத்தார். சுற்றத் தொடங்கினேன்.